இயந்திரம் யார் கையில்?
எம்.ஐ.ஏ.வின் இருபது ஆண்டு இசை, காஞ்சியின் காதில்

தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இன்று தீபாராதனை வேளையில் ஒலிப்பது மின்சார மேளம்தான். ஒரு மோட்டார், அது சுழலச் சுழல ஏறி இறங்கும் இரும்புக் கைகள், அவை அடிக்கும் ஒரு முரசு, ஒரு மணி, ஒரு ஜோடி ஜாலரா. சுவிட்சைப் போட்டால் தாளம் தொடங்கும், அணைத்தால் நிற்கும். தவில்காரருக்கும் நாகஸ்வரக்காரருக்கும் சம்பளம் கொடுக்க வழியில்லாத கோயில்கள் இதை வாங்கி மாட்டின. கோயிலையும் தறியையும் நம்பி வாழும் காஞ்சிபுரத்துக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறி விழுங்கிவிடாமல் காக்க 1985-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கோர்வை போட்டு உடலையும் கரையையும் இணைக்கும் நெசவாளியின் பல நாள் உழைப்பை, பார்வைக்கு அதே போலத் தோன்றும் விசைத்தறிச் சேலை குறைந்த விலையில் சந்தையில் வீழ்த்துவதை இங்குள்ள நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தின் தெருக்கள் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. கை என்றால் உண்மை, இயந்திரம் என்றால் போலி என்ற தீர்ப்பு இந்த ஊரில் பட்டறிவிலிருந்து வந்தது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே தீர்ப்பை இசையின் மேல் அப்படியே ஏற்றும்போது தவறு நேர்கிறது. மின்சார மேளம் ஒரு கலைஞனின் இடத்தைப் பறித்தது உண்மை. இயந்திரம் தாளம் போட்டதால் அந்தப் பறிப்பு நடக்கவில்லை. அந்தத் தாளத்துக்குப் பின்னால் யாரும் இல்லாததால் நடந்தது. மேடையே கிடைக்காத ஒருவர் கையில் அதே இயந்திரம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்குத் தமிழர்களிடம் நல்ல விடை ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் சேர்ந்து, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம்தான் அந்த விடை. அவருடைய ஒலி 2005 முதல் 2022 வரை ஆறு ஆல்பங்களில் பலமுறை உருமாறியது. அந்த மாற்றங்களை வரிசையாகக் கேட்டால் ஒன்று தெளிவாகிறது: இயந்திர இரைச்சல் தமிழ்ச் செவிக்கு அந்நியமானது அல்ல, மனிதரை விரட்டுவதும் அல்ல. அதை இயக்குபவர் யார், அதன் வழியே யாருடைய கதை வருகிறது என்பதுதான் மதிப்பை முடிவு செய்கிறது.

ஆலைகள் பாடிய இசை

மேற்கில் இயந்திர ஒலியையே இசையாக்கிய ஒரு மரபு உண்டு. 1976-இல் லண்டனில் த்ராபிங் கிரிசில் என்ற குழு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரில் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியது. அந்தப் பெயரே பிறகு ஒரு வகை இசைக்குப் பெயரானது. உருக்காலைகளின் ஊரான ஷெஃபீல்டிலிருந்து கேபரே வோல்டேர் வந்தது. 1980-இல் பெர்லினில் உருவான ஐன்ஸ்டுர்சென்டே நொய்பவுட்டன் டிரில் மிஷினையும் இரும்புத் தகட்டையும் மேடையில் ஏற்றியது. எண்பதுகளில் கனடாவின் ஸ்கின்னி பப்பி, பெல்ஜியத்தின் ஃபிரண்ட் 242 போன்ற குழுக்கள் டிரம் மிஷின், சாம்பிளர், சிந்தசைசர் ஆகியவற்றைக் கொண்டு இதை ஆடத்தக்க தாளமாக இறுக்கின. எலெக்ட்ரோ இண்டஸ்ட்ரியல் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். ஆலைகள் மூடப்பட்டு வேலை போன நகரங்களில், அந்த ஆலைகளின் ஓசையையே எடுத்து அந்தச் சமூகத்தின் முகத்தில் திருப்பி எறிந்த கலை அது. அமைதியான நாட்டில் வாழ்ந்த இளைஞர்கள் இரைச்சலைத் தாமே தேடிப் போய் எடுத்தார்கள் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மாயாவுக்கு இரைச்சல் தேடிப் போகாமலே கிடைத்தது. 1975 ஜூலை 18-இல் லண்டனில் பிறந்த அவரை ஆறு மாதக் குழந்தையாகப் பெற்றோர் யாழ்ப்பாணம் கொண்டு சென்றார்கள். தந்தை அருள்பிரகாசம், அருளர் என்ற பெயரில் அறியப்பட்டவர். 1975-இல் லண்டனில் உருவான ஈரோஸ் என்ற ஈழத் தமிழர் போராட்ட இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். 1977 கலவரத்துக்குப் பின் தமிழர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து வடக்கே போன கப்பலை வைத்து 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவரும் அவரே. தாய் கலா தையல் வேலை செய்தவர். போர் நெருங்க நெருங்கக் குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. நடுவில் சென்னையிலும் சில காலம் வாழ்ந்தது. 1986-இல், மாயாவுக்குப் பதினொரு வயது நிறைவதற்குச் சற்று முன், தாயும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் திரும்பினார்கள். ராணுவ வாகனம், ஹெலிகாப்டர், வெடிச்சத்தம் ஆகியவை இந்தக் குழந்தைப் பருவத்தின் அன்றாட ஒலிகள். ஐரோப்பிய இண்டஸ்ட்ரியல் குழுக்கள் கற்பனையில் கட்டிய ஒலியுலகத்தை இவர் வாழ்க்கையில் கடந்து வந்திருந்தார்.

எம்.ஐ.ஏ. இண்டஸ்ட்ரியல் கலைஞர் அல்ல, ராப்பும் நடன இசையும் பாப்பும் கலந்து செய்பவர், இந்த வரிசையில் அவரை வைப்பது வலிந்து பொருத்துவது என்று இசையறிந்தவர்கள் சிலர் சொல்லக்கூடும். இசைக்கடையின் அலமாரிக்கு அந்தப் பிரிவு சரி. காதுக்குச் சரியல்ல. 2010-இல் வந்த அவருடைய மூன்றாவது ஆல்பத்தைப் பற்றி எழுதிய விமர்சகர்கள் பலர் 'இண்டஸ்ட்ரியல்' என்ற சொல்லைத் தாமாகவே பயன்படுத்தினார்கள். அந்த ஆல்பத்தின் 'பார்ன் ஃப்ரீ' பாடல், நியூயார்க்கின் சூசைட் என்ற இரட்டையர் குழு 1977-இல் பதிவு செய்த 'கோஸ்ட் ரைடர்' பாடலின் மேல் கட்டப்பட்டது. மின்னணு முரட்டிசை அனைத்துக்கும் மூதாதை என்று கருதப்படும் குழு அது. தமிழர்களிடையே இந்த மரபுக்கு மிக அருகில் நிற்பவர் யார் என்று கேட்டால் வேறு பெயர் சொல்வது கடினம்.

ஒரு பெட்டி, ஆறு பாட்டு

லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் மாயா படித்தது திரைப்படமும் ஓவியமும். இசை படிக்கவில்லை. எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் ஆல்பத்துக்கு அட்டை வரைந்து, அவர்களுடைய பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில் பீச்சஸ் என்ற மின்னணு இசைக் கலைஞரைச் சந்தித்தார். தனியொரு பெண் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு மேடை முழுவதையும் நிரப்புவதை அங்கே கண்டார். அந்தப் பெட்டி ரோலண்ட் எம்.சி.505. 1998-இல் சந்தைக்கு வந்த, டிரம் மிஷினும் சிந்தசைசரும் ஒன்றாக அடங்கிய கருவி. அதையும், பழைய நான்கு தட ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும், ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு ஆறு பாடல்களைத் தாமே பதிவு செய்தார். 'கலாங்' அந்த ஆறில் ஒன்று. 2003-இல் 500 தட்டுகள் மட்டும் அச்சிடப்பட்டு வெளிவந்த அந்தப் பாட்டு கைமாறிக் கைமாறி இணையம் எங்கும் பரவியது. 2005-இல் தந்தையின் பெயரிலேயே 'அருளர்' என்ற முதல் ஆல்பம் வந்தபோது பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

எம்.சி.505 எப்படி வேலை செய்கிறது என்பது காஞ்சிபுரத்துக்காரருக்கு எளிதாகப் புரியும். அதில் பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு தாளச் சுற்றைப் பதினாறு இடங்களாகப் பிரித்து, எந்த இடத்தில் அடி விழ வேண்டும், எந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும் என்று குறித்துவிட்டால் கருவி அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஜக்கார்டுத் தறியின் அட்டையும் இதையேதான் செய்கிறது. துளை இருந்தால் இழை மேலே போகும், இல்லாவிட்டால் கீழே நிற்கும், அட்டை வரிசை முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து வரும். இந்த ஒற்றுமை தற்செயல் அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் ஜக்கார்டு அமைத்த துளை அட்டையிலிருந்துதான் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறிக்குக் கட்டளை தரும் முறையைப் பெற்றார். கணினியும் அதன் வழிவந்த இசைக்கருவிகளும் தறியின் பேரப்பிள்ளைகள். காஞ்சிக் குழித்தறியின் மேல் ஜக்கார்டுப் பெட்டி ஏறிய பிறகும் சேலை கைத்தறிச் சேலையாகவே இருக்கிறது. ஏனெனில் மிதியை மிதிப்பதும் நாடாவை வீசுவதும் கோர்வையின் இறுக்கத்தைத் தீர்மானிப்பதும் மனிதர்தான். 'அருளர்' ஆல்பத்தின் இயந்திரத் தாளமும் அப்படியே. அடிகள் கறாரானவை, இடைவெளிகள் வெறுமையானவை. அந்த வெறுமைக்குள் யாழ்ப்பாணத்துச் சிறுமியின் விளையாட்டுக் கூவலும் லண்டன் அகதிக் குடியிருப்பின் பேச்சும் மேற்கிந்தியத் தீவுகளின் நடையும் கலந்து வந்தன. முறையான பயிற்சி இல்லாத, குழு சேர்க்கப் பணம் இல்லாத ஒரு புலம்பெயர்ந்த பெண்ணுக்கு அந்தப் பெட்டி ஒரு முழு வாத்தியக் குழுவாக நின்றது. யாருடைய வேலையையும் அது பறிக்கவில்லை.

உறுமி வந்த இடம்

அந்தப் பெட்டியோடு அவர் நின்றிருந்தால் ஒரு நல்ல தொடக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கும். 2006-இல் அமெரிக்காவுக்குள் நுழைய விசா கிடைக்காமல் போனது. அங்கே போய்ப் புகழ்பெற்ற தயாரிப்பாளர்களுடன் இரண்டாவது ஆல்பத்தைச் செய்யும் திட்டம் குலைந்தது. அவர் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போன இடங்களிலெல்லாம் பதிவு செய்தார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் தம் ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்துவிட, இருபதுக்கும் மேற்பட்ட தாளக் கலைஞர்கள் கூடி வாசித்தார்கள். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களின் முதுகெலும்பு உறுமி. இழுத்துத் தேய்க்கும் ஒரு முகமும் அடிக்கும் ஒரு முகமும் கொண்டு, திருவிழாவிலும் சாவு ஊர்வலத்திலும் கூட்டத்தை அருள் ஏறி ஆடவைக்கும் அதே உறுமி. 'பேம்பூ பங்கா' என்ற முதல் பாட்டில் 'தளபதி' படத்துக்கு இளையராஜா அமைத்த 'காட்டுக்குயிலு' பாட்டின் துணுக்கு வருகிறது. தாயின் பெயரில் 'கலா' என்று 2007-இல் வெளிவந்த இந்த ஆல்பத்தை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் இதழ் தேர்ந்தெடுத்தது.

'கலா'வில் நடந்த மாற்றம் ஆழமானது. 'அருளர்' ஆல்பத்தில் மனிதக் குரல் இயந்திரத்துக்கு நடுவே தனியாக நின்றது. 'கலா'வில் இயந்திரம் ஒரு படி கீழே இறங்கி, மனிதத் தாளத்துக்கு இடம்விட்டு, அதன் பின்னால் நடக்கக் கற்றுக்கொண்டது. உறுமியின் அடி ஒருபோதும் கடிகாரம் போல் விழாது. கூட்டத்தின் மூச்சோடு முந்தும், பிந்தும். அந்த முந்தல் பிந்தலைத் திருத்தி நேராக்காமல், கணினியைக் கொண்டு பெரிதாக்கினார்கள் மாயாவும் அவருடன் பணிசெய்த ஸ்விட்ச் என்ற தயாரிப்பாளரும். இவ்வளவு தாளம் எதற்கு, பாட்டு அமுங்கிப்போகிறதே என்று கேட்பவர்கள் காஞ்சியின் சொந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கர்நாடக இசையில் லயத்துக்குப் பேர்போனவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று தாளக்காரர்களைச் சுற்றிலும் உட்காரவைத்து அவர் செய்த 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளை இசையுலகம் இன்றும் பேசுகிறது. தாளமே பாட்டைத் தாங்கி நடத்தும் என்ற நம்பிக்கை இந்த மண்ணில் பழையது.

அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் இன்னொரு வகை இயந்திர ஒலி வந்தது. பிரிட்டனின் தி கிளாஷ் குழு 1982-இல் செய்த பாட்டொன்றின் மென்மையான மெட்டுக்கு மேல், பல்லவி தோறும் துப்பாக்கி வெடிக்கிறது, தோட்டா மாட்டப்படுகிறது, கடைக் கல்லாப்பெட்டி திறக்கிறது. குடியேறி வருகிறவன் கொள்ளையடிக்கத்தான் வருகிறான் என்று நினைக்கும் நாடுகளின் அச்சத்தை மூன்று ஒலிகளால் திருப்பிக் காட்டிய பாட்டு இது. அமெரிக்கத் தொலைக்காட்சி அந்த வெடிச்சத்தத்தை மழுக்கி ஒளிபரப்பியது. ஆனாலும் அந்தப் பாட்டு 2008-இல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் அது ஒலித்தது. அதே படத்துக்காக ரஹ்மானுடன் சேர்ந்து செய்த 'ஓ சாயா' பாட்டு 2009-இல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இரைச்சலைப் பொறுப்பாகக் கையாண்டால் அது கோடிக்கணக்கானவர்களின் வாய்ப்பாட்டாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டிரில் மிஷின் பேசிய ஆண்டு

2009 மே மாதம் ஈழப்போர் முடிந்தது. முள்ளிவாய்க்காலில் மக்கள் மடிந்துகொண்டிருந்த மாதங்களில், உலகப் புகழின் உச்சியில் இருந்த மாயா அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் செய்தித்தாள்களிலும் அதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினார். கேட்டவர்கள் குறைவு. அவர் மிகைப்படுத்துகிறார் என்றும், அவருக்கு அரசியல் தெரியாது என்றும் எழுதியவர்கள் அதிகம். 2010 ஜூலையில் தம் பெயரிலேயே அவர் வெளியிட்ட 'மாயா' ஆல்பம் இந்தச் சூழலில் பிறந்தது. 'ஸ்டெப்பின் அப்' பாட்டு டிரில் மிஷின் உறுமலின் மேல் எழுகிறது. 'மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்' கிழிந்த கிட்டார் ஒலியை ஆணி அடிப்பது போல் அடித்துக்கொண்டே போகிறது. 'பார்ன் ஃப்ரீ' சூசைட் குழுவின் முரட்டுச் சிந்தசைசரை ஓடவிட்டு அதன் மேல் கத்துகிறது. ரோமன் கவ்ராஸ் இயக்கிய அந்தப் பாட்டின் படம், செம்பட்டை முடி கொண்ட இளைஞர்களை ஆயுதப் படை பிடித்துக்கொண்டு போய்க் கொல்வதைக் காட்டியது. யூடியூபில் அது நீக்கத்துக்கும் வயதுக் கட்டுப்பாட்டுக்கும் ஆளானது.

இந்த ஆல்பத்தை விமர்சகர்கள் பாதிக்குப் பாதி பிரிந்து வரவேற்றார்கள். 'கலா'வின் கொண்டாட்டத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். காதைக் குடையும் இரைச்சல், பாட்டே இல்லை என்றார்கள். அமெரிக்க ஆல்பப் பட்டியலில் 9-ஆம் இடத்தைத் தொட்டபோதும், சறுக்கல் என்ற பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் மாயாவின் படைப்புகளில் மிக நேர்மையானது இதுதான். காரணம் எளிது. கண்ணெதிரே நடந்த பேரழிவைச் சொல்லியும் உலகம் கேட்க மறுத்த ஓராண்டுக்குப் பின், இனிமையான மெட்டில் பாடுவது பொய்யாக இருந்திருக்கும். பேச்சு கேட்கப்படாத இடத்தில் பேச்சையே அமுக்கும் ஒலியை அவர் முன்னே வைத்தார். இந்த ஆல்பத்தில் குரல் அடிக்கடி இயந்திரத்துக்குள் புதைந்துபோவது ஒலிப்பதிவின் குறை அல்ல. புதைக்கப்படுவதைப் பற்றிய ஆல்பம் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆல்பத்தின் தொடக்கத்தில் வரும் 'தி மெசேஜ்' என்ற சிறிய பாட்டு, இணைய நிறுவனங்களும் அரசின் கண்காணிப்பும் ஒரே உடலின் எலும்புகள் போல இணைந்திருப்பதாகச் சொன்னது. அப்போது அதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கினார்கள். 2013 ஜூனில் அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பு பற்றி எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு அப்படி ஒதுக்குவது கடினமாயிற்று.

எச்சிலும் இசையும்

2013 நவம்பரில் வந்த நான்காவது ஆல்பம் 'மாதங்கி'. தம் முழுப்பெயருக்கு உரிய தெய்வத்தைப் பற்றித் தேடிப் படித்ததிலிருந்து அது பிறந்ததாக மாயா சொல்லியிருக்கிறார். காஞ்சிக்கு இந்தத் தெய்வம் வெளியூர்க்காரி அல்ல. காமாட்சியைப் பராசக்தியாக வழிபடும் ஸ்ரீவித்யா மரபில் லலிதையின் மந்திரிணி ராஜமாதங்கி. கையில் வீணையும் அருகில் கிளியும் கொண்டவள், இசைக்கு உரியவள். அதே மாதங்கிக்கு இன்னொரு வடிவமும் உண்டு. உச்சிஷ்ட மாதங்கி எச்சில் படையலை ஏற்பவள். தாந்திரிக நூல்கள் அவளைச் சண்டாளப் பெண்ணாகவும் காட்டுகின்றன. இசையின் தெய்வமும் விலக்கப்பட்டவர்களின் தெய்வமும் ஒருத்தியே என்ற இந்தச் சிந்தனை, மாயாவின் இசைமுறைக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. பிறர் தூக்கி எறிந்த ஒலிகளைப் பொறுக்கி எடுத்துக் கோத்தவர் அவர். 'கம் வாக் வித் மீ' பாட்டில் கணினியின் ஒலியைக் கூட்டும்போது எழும் சிறு சத்தமும் கேமராவின் க்ளிக்கும்கூடத் தாளமாகின்றன. 'மாயா'வில் ஆயுதமாக நின்ற இயந்திரம் 'மாதங்கி'யில் வழிபாட்டுப் பொருளாகிறது. கோபம் தணியவில்லை என்றாலும் நடனம் திரும்பி வந்துவிட்டது. 2016-இன் 'எய்ம்', 2022-இன் 'மாதா' ஆகிய அடுத்த ஆல்பங்களில் ஒலி இன்னும் இலகுவானது, குரல் தெளிவானது. அவை முந்தைய நான்கின் உயரத்தைத் தொடவில்லை. ஆனால் அகதிகளைப் பற்றிய 'பார்டர்ஸ்' போன்ற பாட்டுகளில் அதே கேள்வி உயிரோடு இருக்கிறது.

ஊரை விட்டுப் போன இசை வேரறுந்து போகும் என்ற கவலைக்கும் காஞ்சியின் வரலாற்றிலேயே பதில் உண்டு. போர்க்காலத்தில் காஞ்சியிலிருந்து புறப்பட்ட பங்காரு காமாட்சியின் பொன்திருமேனி பல ஊர் அலைந்து தஞ்சாவூரில் நிலைகொண்டது. அதைச் சுமந்து போன அர்ச்சகர் குடும்பத்தில் பிறந்தவர்தான் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி. இடம்பெயர்ந்த அந்தக் குடும்பத்தின் பாட்டு இன்று மரபின் நடுவில் இருக்கிறது. ஆகவே லண்டனில் பிறந்து வந்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒலியைத் தமிழுக்கு வெளியே நிறுத்திவிட முடியாது.

மறுப்புகளுக்குச் சில விடைகள்

இந்த இசை உண்மையில் அவருடையதா என்பது நீண்ட நாளாக எழுப்பப்படும் முதல் மறுப்பு. டிப்லோ, ஸ்விட்ச் போன்ற தயாரிப்பாளர்கள் செய்து கொடுத்ததை அவர் பாடினார் என்ற பேச்சு 2007 வரை ஓயவில்லை. அந்த ஆண்டு ஒரு நேர்காணலில் மாயாவே இதை வெளிப்படையாகக் கண்டித்தார். சான்று அவர் பக்கம் இருக்கிறது. 'கலாங்' உட்பட ஆறு பாடல்களின் மாதிரியை அவர் எம்.சி.505-இல் பதிவு செய்தது டிப்லோவைச் சந்திப்பதற்கு முன்பு. தயாரிப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தபோதும் வெறுமையான இடைவெளி, கரகரப்பான அடி, கூட்டுக் கூவல் ஆகிய மூன்றும் எல்லா ஆல்பங்களிலும் தொடர்கின்றன. இயந்திரத்தைக் கையில் எடுத்தவர் பெண் என்பதாலும், கறுத்த தோல் கொண்டவர் என்பதாலும், அவர் பின்னால் ஓர் ஆணைத் தேடும் பழக்கம்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

இரண்டாவது மறுப்பு அரசியல் பற்றியது. முதல் ஆல்பத்தின் அட்டையிலும் மேடையிலும் புலி, துப்பாக்கிப் படங்களைப் பயன்படுத்தினார், வன்முறையை அழகுபடுத்தினார் என்பது குற்றச்சாட்டு. இதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. போரின் சின்னங்களை நடன மேடையில் வைக்கும்போது அவற்றின் கனம் குறையும் ஆபத்து உண்டு. அந்தச் சின்னங்களின் பெயரால் துன்பப்பட்ட தமிழர்களும் உண்டு. அதைச் சிந்திக்காமல் அவரைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் அவருடைய ஒலியைக் கவனித்தால், துப்பாக்கிச் சத்தம் எங்கேயும் வெற்றி முழக்கமாக ஒலிப்பதில்லை. 'பேப்பர் பிளேன்ஸ்' அதை அச்சத்தின் அடையாளமாக வைக்கிறது. 'பார்ன் ஃப்ரீ' படத்தில் துப்பாக்கி இருப்பது அரசின் கையில். சின்னங்களில் தடுமாறிய இடங்கள் உண்டு, ஒலியில் அவர் தெளிவாகவே இருந்தார் என்பதே நியாயமான முடிவு.

மூன்றாவது மறுப்புதான் மிகக் கனமானது, காஞ்சியின் நெசவாளிக்கு உடனே புரிவதும் அதுதான். சென்னையில் உறுமி வாசித்தவர்களின் பெயர் உலகின் வாயில் வரவில்லை. அவர்களுடைய தாளம் கண்டங்களைக் கடந்தது, அவர்கள் கடக்கவில்லை. சேலைக்கு ஊரின் பெயர் கிடைத்து, புவிசார் குறியீடும் கிடைத்த பிறகும், அதை நெய்தவரின் பெயர் விலைச்சீட்டில் இல்லாதது போன்ற நிலை இது. மாயா உறுமியைத் திருடவில்லை. கலைஞர்களை நேரில் வரவழைத்து, அவர்கள் வாசிக்க, பதிவு செய்தார். நகரத்துச் சபாக்கள் உறுமியையும் பறையையும் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்த காலத்தில் அவற்றை உலக மேடையின் நடுவே வைத்தார். ஆனாலும் புகழின் பங்கு சமமாகப் போய்ச் சேரவில்லை என்பதை மறைக்க முடியாது. இயந்திரம் யார் கையில் என்று கேட்பவர்கள், பதிவான பிறகு அந்தத் தாளம் யாருடைய கணக்கில் சேர்கிறது என்றும் கேட்டாக வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்கு அவருடைய இருபது ஆண்டுப் பயணம் முழு விடை தரவில்லை.

தாய் கலா இங்கிலாந்தில் பல ஆண்டுகள் செய்த வேலை, அரசு வழங்கும் விருதுப் பதக்கங்களைக் கையால் தைப்பது. 2019-இல் மாயாவுக்கு எம்.பி.இ. விருது அறிவிக்கப்பட்டபோது, அந்தத் தையலை எண்ணித் தாயின் பெயரால் ஏற்பதாகவே அவர் சொன்னார். கையுழைப்பின் மதிப்பை அறியாத இயந்திர மோகி என்று அவரைச் சொல்ல முடியாது என்பதற்கு இந்த ஒன்று போதும். தமிழ்நாட்டில் 2018 ஜனவரியில் சென்னை மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் பறையையும் மின்கிட்டாரையும் ஒன்றாக நிறுத்தி, வாசிப்பவர்களின் முகத்தையும் பெயரையும் மேடையின் முன்வரிசைக்குக் கொண்டு வந்தது. மாயா விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய வழி அதுதான்.

ஆகவே தீர்ப்பு இது. எம்.ஐ.ஏ.வின் ஆறு ஆல்பங்களில் முதல் நான்கும் தமிழர் படைத்த மின்னணு இசையின் பெருமைக்குரிய பகுதி. அவற்றுள் 'மாயா' மறுபடியும் கேட்டு மறுமதிப்பீடு செய்யப்பட வேண்டியது. இயந்திரத்தைக் கண்டு நம் இசை அஞ்ச வேண்டாம். ஆளை அகற்றும் இயந்திரத்தை மட்டும் எதிர்த்தால் போதும். இன்று மடிக்கணினியில் இசை செய்யும் தமிழ் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: உறுமியையோ பறையையோ தவிலையோ பதிவு செய்து உங்கள் பாட்டில் சேர்க்கும்போது, வாசித்தவரின் பெயரைப் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள், வருமானத்தில் அவருக்குரிய பங்கை எழுத்தில் உறுதி செய்யுங்கள்.